வைத்தியருக்கு வேலை இல்லாத மேஜை

என்னை வீட்டில் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதை யாரையும் மீற விடமாட்டேன் என்பதால் வந்த பெயர். யாராவது உருட்டிய பகடை மேஜைக்குக் கீழே போய்விட்டால், "செல்லாது, திரும்ப உருட்டு" என்பேன். கீழே விழுந்தது நல்ல எண்ணாக இருந்தாலும் சரி, உருட்டியது நான் கட்டிக்கொண்ட மனுஷனாகவே இருந்தாலும் சரி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது, பெருமைதான். அந்தப் பெருமை போன சனிக்கிழமை கப்பலேறிப் போனது. போனதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

என் தொழில் விளையாட்டுகளை வடிவமைப்பது. திரையில் ஆடுவதில்லை, மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, வாயாலும் பகடையாலும் ஆடுகிற கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். "குகைக்குள்ளே இருட்டு. ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். வீரன், திருடி, மந்திரவாதி என்று. என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்டுவார்கள். எண் நன்றாக விழுந்தால் காரியம் நடக்கும், இல்லாவிட்டால் அடி விழும். உயிர்ப் புள்ளி தீர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவான்.

அந்த வேஷங்களை நாங்கள் 'தொழில்' என்கிறோம். முதலில் 'வகுப்பு' என்றுதான் எழுதியிருந்தேன். பள்ளிக்கூடப் புத்தகம் என்று நினைத்து ஒருவனும் தொடமாட்டான் என்று எடிட்டர் வெட்டிவிட்டார். ஒவ்வொரு தொழிலுக்கும் படிகள் உண்டு, ஒவ்வொரு படியிலும் மூன்று கிளைகள். ஆடுகிறவர் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரே வீரன் தொழிலில் ஆரம்பித்த இரண்டு பேரில், கொஞ்ச தூரம் போனபின் ஒருவன் கேடயத்தின் பின்னால் நிற்பான், இன்னொருவன் கண்ணை மூடிக்கொண்டு பாய்வான். அந்தக் கிளைகளை எழுதுவதுதான் என் வேலை. சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், ஊரே அதைத்தான் எடுக்கும். மற்ற இரண்டும் காகிதத்துக்குப் பிடித்த கேடு.

புதிய புத்தகத்தில் ஆறு தொழில்கள். ஐந்து சொன்ன பேச்சைக் கேட்டன. ஆறாவதாக வந்த வைத்தியர்தான் என் உயிரை எடுத்தது.

எதை எழுதினாலும் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆடிப் பார்ப்பது வழக்கம். கதையை நடத்துவது நான். அண்ணன் நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். தண்ணீருக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்திப் பழகி, பிஸ்கட் வேண்டும் என்பதைக்கூட அடுத்த தெரு வரைக்கும் அறிவிப்பான். அவன்தான் வீரன். என் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனியில் நொறுங்கிய கார்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர், பச்சைப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஆட்டத்தில் அவர் திருடி. கடைக்குட்டித் தங்கச்சி லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டில் மட்டும் ஏறவே மாட்டாள். "இதை யார் பாத்துக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறித்தான் வருவாள். அவள்தான் வைத்தியர்.

சண்டை என்று வந்துவிட்டால் அண்ணன் முன்பின் பார்க்காமல் பாய்வான். அடி வாங்குவான், விழுவான், எழுவான், திரும்பவும் பாய்வான். வீட்டுக்காரர் பின்பக்கமாகப் போய்க் குத்துவார். தங்கச்சியின் முறை வரும். தன் தாளை மேலும் கீழும் பார்ப்பாள். "நான் பக்கத்துல நிக்கறேன்" என்பாள். அடுத்த சுற்றிலும் பக்கத்தில்தான் நிற்பாள். சண்டை முடியும்போது எங்களுக்கெல்லாம் தொண்டை கட்டியிருக்கும், அவள் பிஸ்கட் தட்டைக் காலி செய்திருப்பாள்.

போன மாதம் ஒரு நாள் ஆட்டம் முடிந்து நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். துடைக்கிற துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கம்பெனில சனிக்கிழமை ஷிஃப்ட்டுக்கு ஆள் கேக்கறாங்க. எடுத்துக்கலாம்னு பாக்கறேன்."

"சனிக்கிழமையா? அப்போ ஆட்டம்?"

"நான் இல்லாட்டியும் நடக்கும்லக்கா. பிஸ்கட் திங்கறதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அண்ணன், நான், இவள் என்று மூன்று பேரும் ஊரின் மூன்று மூலைகளில் இருக்கிறோம். வாரம் முழுக்க ஆளாளுக்கு வேலை, போனில் "சாப்டியா, தூங்கினியா" என்பதோடு சரி. ஒன்றாக உட்காருவது இந்த மேஜையில் மட்டும்தான். அதிலும் அண்ணனும் நானும் தனியாக உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் சண்டை வந்துவிடும். நடுவில் அவள் இருப்பதால்தான் வீடு வீடாக இருக்கிறது. இவள் எழுந்து போனால் அண்ணனும் கொஞ்ச நாளில் சாக்குச் சொல்ல ஆரம்பிப்பான். அப்புறம் யார் வீட்டிலாவது கல்யாணம் வந்தால்தான் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

"தப்பு உன் மேல இல்லடி. நான் எழுதின தொழில் சரியில்ல" என்றேன். "புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடறேன். அதுவரைக்கும் பொறு."

"சரி, அதுவரைக்கும் வர்றேன்" என்றாள். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டேன். வைத்தியர் ஓடிப் போய்த் தொட்டு, தன் ஆட்ட முறை ஒன்றை முழுக்கச் செலவழித்துக் கட்டுப் போட வேண்டும் என்று இருந்ததை, பாதி முறை போதும் என்று மாற்றினேன். தங்கச்சி அப்போதும் பக்கத்தில் நின்றாள். தொடவே வேண்டாம், தூரத்திலிருந்தே ஆற்றலாம் என்றேன். நின்றாள். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் ஆறும் என்றேன். "நல்லா இருக்குக்கா" என்று சொல்லிவிட்டு நின்றாள். கடைசியில், வைத்தியர் தும்மினால் போதும், சுற்றி நிற்பவர்களின் புண் எல்லாம் ஆறிவிடும் என்கிற கதிக்கு வந்துவிட்டது. எங்கள் மேஜையில் அதற்கும் மதிப்பில்லை.

போகிற போக்கில், எனக்குப் பிடித்த கிளை ஒன்றையும் பலி கொடுத்தேன். அதற்கு 'நிபந்தனை' என்று பெயர். அதை எடுத்த வைத்தியர் விழுந்தவரிடம், "எழுப்பறேன், ஆனா நான் சொல்றது ஒண்ணை நீ செய்யணும்" என்று கேட்கலாம். ஒப்புக்கொண்டு எழுந்தவர் அதைச் செய்தே ஆக வேண்டும். எழுதும்போது நானே தனியாகச் சிரித்த கிளை அது. அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "எவன்டி உன் நிபந்தனையைக் கேட்டுட்டு எந்திரிப்பான்? போ போ" என்றுவிட்டான். தங்கச்சியும் அதைத் தொடவில்லை. தூக்கிக் கடாசிவிட்டேன்.

எடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரைக் கத்தரி என்போம், அவருக்கும் தெரியும். நான் ஒரு பக்கம் கொடுத்தால் அரைப் பக்கம்தான் திரும்பி வரும். நான் அனுப்புகிற ஒவ்வொரு வரைவையும் அவர் வெளியாட்களுக்கு அனுப்புவார். எங்களை முன்பின் தெரியாத சில குழுக்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்து ஆடிப் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். இந்த மாதம் அவர்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. வைத்தியர் வந்தபின் யாருக்கும் பயமே இல்லை என்றார்கள். சண்டை சப்பென்று இருக்கிறது, வைத்தியர் ஒருவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார், மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்றார்கள்.

வியாழக்கிழமை கத்தரி போன் செய்தார்.

"உங்க மேஜையில வைத்தியர் எலி. வெளி மேஜையில புலி. இந்த மிருகத்தை எந்தக் கூண்டுல போட்டு நான் அச்சடிக்கறது, ஜட்ஜம்மா?"

"இன்னும் ஒரு வாரம் குடுங்க."

"திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. அஞ்சு தொழிலோட போகட்டும். வைத்தியர் வேணாம்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. முழுவதும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "சரி, சனிக்கிழமை நேர்ல வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தார். கதவைத் திறந்தால் கையில் பிஸ்கட் பொட்டலத்தோடு நிற்கிறார். போனில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாது, மிச்சத்தை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தவர் முகம்.

"வெட்டத்தான் போறேன்" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "ஆனா ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வெட்டறேன். அது நியாயம்தானே?"

அவருக்குப் பின்னால் படியேறி வந்த தங்கச்சி காதில் அது விழுந்துவிட்டது. பையை இறக்கி வைத்தாள். "வெட்டுங்க சார். அக்காவும் நிம்மதியாத் தூங்குவா. நானும் திங்கக்கிழமையே சனிக்கிழமை ஷிஃப்ட்டுக்குப் பேர் குடுத்துடறேன்" என்றாள். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. ஒரு தரம் முடிவு பண்ணிவிட்டால் அவள் இப்படித்தான் சாதாரணமாகப் பேசுவாள்.

அன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. வாயில் பஞ்சு, கன்னம் வீங்கி ஒரு பக்கமாக இழுத்திருந்தது. பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டத்தை மட்டும் விடமாட்டேன் என்று மேஜையோரம் வந்து உட்கார்ந்துகொண்டார். அவருடைய தாளைக் கத்தரியிடம் தள்ளினேன்.

"இன்னிக்கு இவருக்குப் பதில் நீங்க ஆடுங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார். "நான் திருடியா?"

"எழுத்தாளருங்க வாக்கியத்தையெல்லாம் திருடறீங்கல்ல, பழக்கம்தானே" என்றேன்.

ஆரம்பித்தோம். மலை நடுவே ஒரு கல் பாலம். பாலத்தின் அந்தப் பக்கம் ஒரு கல் பூதம். அண்ணன் வழக்கம்போல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பாயறேன்!" என்று கத்தினான், மேஜை அதிர்ந்தது. பகடை காலை வாரியது. பூதம் கையை வீசியதில் வீரனின் உயிர்ப் புள்ளி மொத்தமும் போய்விட்டது. அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். "ஆ!" என்று தலையை மேஜை மேல் கவிழ்த்துக்கொண்டான்.

அடுத்து கத்தரியின் முறை. அவர் தாளில் விரலை ஓட்டி, "நான் பூதத்துக்குப் பின்னால பதுங்கிப் போயி..." என்று ஆரம்பித்தார்.

"சார், முதல்ல என்னை எழுப்பிட்டுப் போங்க" என்றது மேஜை மேல் கிடந்த தலை.

"நானா? நான் திருடியாச்சே."

"அதனால என்ன? பக்கத்துலதானே நிக்கறீங்க. தட்டுங்க."

"எதைத் தட்டறது?"

பேச முடியாத என் வீட்டுக்காரர் துடித்துப் போனார். இடது கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தன் தோளையே திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டி, "ம்ம்! ம்ம்!" என்றார்.

கத்தரி அவரைக் கவலையோடு பார்த்தார். "என்ன சார், தோள்லயும் வலிக்குதா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அவன் தோளைத் தட்டி 'எழுந்திரு'ன்னு சொல்லுங்க. பாதி உயிரோட எழுந்துடுவான். அப்புறம் உங்க முறையை நீங்க ஆடிக்கலாம். இவ்வளவுதான்."

"இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"என்னங்க கேள்வி? விழுந்தவர்னு ஒரு பகுதி இருக்குல்ல, அதுலதான்."

அவர் பையிலிருந்து அச்சுப் பிரதியை எடுத்தார். தேடக்கூட இல்லை, நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார். வாசித்தார்:

"'விழுந்தவர் சண்டை முடியும் வரை எழ முடியாது. வைத்தியர் மட்டுமே அவரை எழுப்ப முடியும்.'" பிரதிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினது. இதுல ஒரு எழுத்தைக்கூட நான் வெட்டல."

அண்ணன் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

பிரதியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டினேன். தோள் என்று ஓர் இடத்தில் இருந்தது, கவசம் மாட்டுகிற பகுதியில். தோளைத் தட்டினால் எழலாம் என்பது முன்னுரையில் இல்லை, பின்னிணைப்பில் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை. நான் அதை எழுதவே இல்லை. வைத்தியர் மட்டுமே எழுப்ப முடியும் என்று எழுதியவளும் நான், சனிக்கிழமைதோறும் கண்ணெதிரே ஆளாளுக்கு எழுப்பிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, "சரி, அடுத்து யார்?" என்று கேட்டவளும் நான். பகடை மேஜைக்குக் கீழே விழுந்தால் செல்லாது என்கிற ஜட்ஜம்மா.

"அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?" என்றான் அண்ணன். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

தங்கச்சிதான் சொன்னாள். "எனக்காக வச்சது."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"முதமுதல்ல ஆடினப்போ. நான் ஸ்கூல்ல படிச்சிட்டிருந்தேன். புத்தகம்லாம் கிடையாது, அக்கா மனசுக்குத் தோணினதைச் சொல்லுவா, அதுதான் விதி. வந்த உடனே ஒரு ஓநாய் என்னை அடிச்சுப் போட்டுச்சு. நான் மேஜைல தலையை வச்சுட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டேன். அண்ணன்தான் தோளைத் தட்டி, 'எழுந்திரு, ஒண்ணும் ஆகல'ன்னான். எந்திரிச்சேன். அக்காவும் ஒண்ணும் சொல்லல."

எனக்கும் நினைவு வந்தது. சிவந்த கண்ணோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு பகடையை எடுத்தாள். செல்லாது என்று அந்த முகத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? அடுத்த வாரம் அண்ணன் விழுந்தபோது அவள் தட்டினாள். அப்புறம் எல்லோரும் எல்லோரையும் தட்டினோம். அப்போது வைத்தியர் என்றொரு தொழிலே கிடையாது. பல வருஷம் கழித்து நான் உட்கார்ந்து புத்தகம் எழுதினபோது, மூச்சு விடுவதை யாராவது எழுதி வைப்பார்களா, அந்த மாதிரி இதுவும் விட்டுப்போய்விட்டது.

"நல்ல ஆளுங்க நீங்க" என்றாள் தங்கச்சி. "என்னை எழுப்பறதுக்குன்னு ஒரு விதி வச்சு, அதை வச்சே என்னை வேலையில்லாம உட்கார வச்சுட்டீங்க."

முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் அண்ணன் சிரித்தான், கீழ்வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்.

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிப் போனது. வைத்தியர் தொழிலில் கோளாறே இல்லை. தங்கச்சிக்கு ஆடத் தெரியவில்லை என்பதும் இல்லை. கோளாறு மேஜையில் இருந்தது.

கத்தரியும் புரிந்துகொண்டார். "அப்போ வெளியாளுங்க புத்தகத்துல இருக்கறதை ஆடியிருக்காங்க. இங்க ஆளாளுக்கு ஓசி வைத்தியம். அதைப் பாத்துட்டு நீங்க வைத்தியருக்கு மேல மேலன்னு பலத்தை ஏத்தி..."

"தும்மினா புண் ஆறற அளவுக்கு ஏத்திட்டேன்."

"அந்தப் புலிதான் அவங்களைக் கடிச்சிருக்கு." அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். "நீங்க முதல்ல எழுதின வரைவு இருக்கா?"

இருந்தது. நான் எதையும் அழிக்கிற ஜாதி இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து ஆரம்ப வரைவை எடுத்து அச்சடித்துக்கொண்டு ஓடி வந்தேன். ஓடிப் போய்த் தொட வேண்டும், ஒரு முறை முழுக்கச் செலவாகும், கட்டுப் போட்டால் பாதி உயிர். மூன்றாம் படியில், நான் தூக்கிக் கடாசிய 'நிபந்தனை' பத்திரமாக உட்கார்ந்திருந்தது. தாளைத் தங்கச்சி முன்னால் வைத்தேன். மற்ற கிளைகளை அவள் சரியாகப் படிக்கக்கூட இல்லை. விரலை 'நிபந்தனை' மேல் வைத்தாள்.

"இது."

"நல்லா யோசிச்சுக்கோடி. இவன் ஒத்துக்கமாட்டான்."

"ஒத்துக்காம எங்க போவான்?" என்றாள்.

அதே பாலம், அதே பூதம். தட்டுவது கிடையாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். அண்ணன் திருந்தவில்லை. "பாயறேன்!" என்றான். பகடை இந்தத் தடவை அவனைக் காப்பாற்றியது. பூதத்துக்கு நல்ல அடி. அதே தெம்பில் திரும்பவும் பாய்ந்தான். பூதத்தின் கை வந்தது. தலை மேஜையில் கவிழ்ந்தது.

பழக்கம் யாரை விட்டது? என் வீட்டுக்காரரின் கை தானாக நீண்டது. "கையை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டார். கத்தரி தன் இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"யாராவது?" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

நான் பென்சிலை எடுத்துப் பூதம் வாங்கிய அடியைக் குறித்துக்கொண்டேன்.

"ஏய், யாராவது இருக்கீங்களா இல்லையா?"

எங்கள் எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. தங்கச்சி பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். இத்தனை வாரத்தில் அவள் நாற்காலியை இழுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பூதம் எந்தப் பக்கம் பாத்துட்டிருக்கு?"

"விழுந்தவனைத்தான் பாக்குது" என்றேன்.

"பாலம் எவ்வளவு அகலம்? ஓரமா ஒரு ஆள் போலாமா?"

"போலாம். வழுக்கும்."

"பூதத்துக்குக் காது கேக்குமா?"

நான் யோசிக்காத கேள்வி. கல்லுக்கு ஏது காது? "கேக்காது" என்றேன்.

"அப்போ திருடி அந்தப் பக்கம் போயி ஒரு கல்லை எடுத்து அது மேல போடட்டும். அது திரும்பற நேரத்துல நான் ஓரமா ஊர்ந்து போறேன்." கத்தரியைப் பார்த்தாள். "போடுவீங்களா சார்?"

"போடறேன், போடறேன்" என்றார் கத்தரி. பாதி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அவர் பகடை உருண்டது, பூதம் திரும்பியது. தங்கச்சி தன் பகடையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் ஆட்டினாள். அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். என் கையில் இருந்த பென்சிலை எப்போது கடிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. உருட்டினாள். பகடை மேஜை விளிம்பு வரை போய், விழுந்துவிடும் போல் ஆடி, விழாமல் நின்றது. தேவைக்கு மேல் ஒன்று அதிகம்.

கத்தரி "அப்பாடா" என்று உட்கார்ந்தார். முதல் வேலையாக அச்சுப் பிரதியின் அட்டையில் 'ஐந்து தொழில்கள்' என்று தானே திருத்தி வைத்திருந்ததை அடித்துவிட்டு, மேலே 'ஆறு' என்று எழுதினார். அவர் வெட்டியதை அவரே ஒட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தங்கச்சி அதைக் கவனிக்கவில்லை. அண்ணன் பக்கம் குனிந்தாள்.

"எழுப்பறேன். ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லித் தொலை."

"அடுத்த சனிக்கிழமை எனக்கு வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும். ஒரு ஆஸ்பத்திரில லிஃப்ட் வேலை இருக்கு. நான் வராம நீங்க ஆரம்பிக்கக் கூடாது."

அண்ணன் தலை மேஜை மேலேயே இருந்தது. அப்புறம், "அதுக்கு அடுத்த சனிக்கிழமை?" என்றான்.

"அன்னிக்கு லேட்டாகாது."

"சரி" என்றான். அவ்வளவு சின்ன வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொல்ல அவனால்தான் முடியும்.

கத்தரி தொண்டையைக் கனைத்தார். "ஒரு சந்தேகம். நிபந்தனை ஆட்டத்துக்கு வெளியில போகுதே. இது செல்லுமா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகக் கத்தரிக்குத் தெரியும்.

"செல்லும்" என்றேன்.

தங்கச்சி கையை நீட்டி அண்ணன் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு" என்றாள். "ஒண்ணும் ஆகல."